அண்ணன் துபாய் போன பிறகு வாட்ஸ்அப் கால் கிடைக்கவில்லை, அம்மாவின் போனில் என்ன செய்ய வேண்டும்?

கடியபட்டணம் தங்கச்சி:
அண்ணன் நாலு வருடம் பஹ்ரைனில் மீன்பிடித் தொழிலில் இருந்தான். கடலுக்குப் போகாத நாளெல்லாம் செபமாலை முடிகிற நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். போன மாதம் துபாயில் ஓட்டல் வேலைக்கு மாறினான். அன்றிலிருந்து பேச்சே இல்லை. மெசேஜ் வருகிறது, போட்டோ வருகிறது, வாய்ஸ் நோட்டும் வருகிறது. கால் மட்டும் எடுத்தால் 'கனெக்டிங்' என்றே நிற்கும்.

போன்தான் கெட்டுவிட்டது என்று குளச்சலில் ஒரு கடையில் கொடுத்தேன். சாப்ட்வேர் மாற்ற வேண்டுமென்று 400 ரூபாய் வாங்கினார்கள். இருந்த படங்கள் எல்லாம் போயின, அப்பா வள்ளத்தில் நிற்கும் படமும் போனது. கால் பழையபடிதான். "பிள்ளைக்கி உடம்புக்கு என்னவோ, அதான் பேசமாட்டேங்கான்" என்று அம்மா ராத்திரி தூங்குவதில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, படம் பார்த்துத்தான் தொடுவாள். காசில்லாமல் பேச வழி சொல்லுங்கள்.

தக்கலை அண்ணாச்சி:
தங்கச்சி, அம்மாவின் போனில் ஒரு குறையும் இல்லை. நான் ஷார்ஜாவில் 9 வருடம் இருந்தவன். பஹ்ரைனில் வாட்ஸ்அப் கால் ஓடும். அமீரகத்தில் மெசேஜை விட்டிருக்கிறார்கள், கால் பேசுவதை அடைத்திருக்கிறார்கள். அண்ணன் இருக்கும் பக்கத்து நெட்வொர்க்கிலேயே அது தடைபடுகிறது. அதனால் இங்கே எந்தக் கடையில் கொடுத்தாலும் சரியாகாது. முதலில் இதை அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் மனம் அடங்கட்டும்.

அங்கே கால் பேச அனுமதி உள்ள ஆப்கள் போட்டிம், கூகுள் மீட், சூம் போன்றவை. உங்கள் வீட்டுக்கு மீட் போதும், அம்மா எண் எதையும் தேட வேண்டாம். அண்ணன் தன் போனில் ஒரு மீட்டிங் லிங்க் உண்டாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். கூடவே ஒரு வாய்ஸ் நோட், "அம்மா, கீழே நீலமா இருக்கத தொடு" என்று. அம்மா தொட்டதும் அவன் உள்ளே அனுமதிக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் பேசினால் 24 மணி நேரம் வரை இலவசம். நீங்களும் மூன்றாவது போனில் சேர்ந்தால் 60 நிமிடம். நெட் செலவு மட்டும்தான்.

முட்டம்காரன்:
விபிஎன் (இருக்கிற இடத்தை மறைச்சு நெட் ஓட்டுற ஆப்) போடச் சொல்லுங்க, வாட்ஸ்அப் காலே ஓடும்.

தக்கலை அண்ணாச்சி:
தம்பி, அந்த யோசனை வேண்டாம். தடுத்த ஒன்றைச் செய்ய விபிஎன் போடுவது அங்கே குற்றம். அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. அம்மாவிடம் பேசுவதற்காகப் பிள்ளை வழக்கில் மாட்டக் கூடாது.

கருங்கல் டீச்சர்:
இரண்டு காரியம். அம்மாவின் போனில் மீட் கேட்கும்போது மைக், கேமரா அனுமதியை நீங்களே கொடுத்து, ஒரு முறை உங்கள் போனிலிருந்து அதற்குப் பேசிப் பாருங்கள். அம்மா தனியாக இருக்கும்போது அந்தக் கேள்வி வந்தால் பயந்து மூடிவிடுவார். வீட்டுக்குள் சிக்னல் குறைவாக இருந்தால் கேமராவை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் பேசட்டும், நெட்டும் மிச்சம். அப்புறம், துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே 7 மணி என்றால் அங்கே மாலை 5.30. ஓட்டலில் அவனுக்கு எப்போது ஓய்வு என்று கேட்டு நேரம் வையுங்கள்.

கடியபட்டணம் தங்கச்சி:
நேற்று கிடைத்தது! அண்ணனுக்கு மதியம்தான் ஓய்வு, நமக்கு 4.30 மணி. முதல் தடவை அனுமதிக்கும் பொத்தான் அவனுக்குத் தெரியாமல் அம்மா வெளியிலேயே காத்திருந்தாள். இரண்டாவது தடவை அவன் முகம் வந்தது. "மக்கா, மெலிஞ்சு போனியே" என்றாள், அதற்குமேல் பேச்சு வரவில்லை. அப்பாவின் படத்தை அண்ணன் தன் போனில் வைத்திருந்தான், அதையும் அனுப்பிவிட்டான். அண்ணாச்சி, டீச்சர், ரொம்ப நன்றி.