டிவி வேலைக்குப் புதிதாக வருபவர் முதலில் ஃப்ளோரில் நிற்கணுமா, இன்ஜெஸ்டில் உட்காரணுமா?

தொடக்கப்புள்ளி:
தொலைக்காட்சிக்குப் புதிதாக வருகிறவர்களைப் பெரும்பாலும் இரண்டில் ஓர் இடத்தில்தான் போடுகிறார்கள். ஒன்று ஸ்டுடியோ ஃப்ளோர் உதவியாளர். மைக் மாட்டுவது, ப்ராம்ப்டர் (வாசிக்க வேண்டிய வரிகள் ஓடும் திரை) ஓட்டுவது, விருந்தினரை உட்கார வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொன்று இன்ஜெஸ்ட் மேசை. கேமரா கார்டுகளை வாங்கி சர்வரில் ஏற்றி, ஷாட் ஷாட்டாக டைம்கோடு (படத்தோடு ஓடும் மணி, நிமிட, நொடி, ஃப்ரேம் எண்) குறித்து வைக்கும் வேலை. முதல் ஆறு மாதத்துக்கு எது நல்லது? காரணத்தோடு சொல்லுங்கள். "ரெண்டும் நல்லதுதான்" என்று முடித்துவிட வேண்டாம்.

அரங்கவாசல்:
ஃப்ளோர்தான். அங்கே செய்த தப்பு அடுத்த நொடியே முகத்துக்கு நேரே வந்து நிற்கும். வேறு எந்த வாத்தியாரும் அவ்வளவு சீக்கிரம் திருத்த மாட்டார்.

சட்டையில் மாட்டும் சின்ன மைக்கை, அதாவது லேப்பல் மைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒரு கிளிப் மாட்டும் வேலை. மோவாய்க்குக் கீழே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, நெஞ்சின் நடுவில் இருக்க வேண்டும். மேலே ஏற்றிவிட்டால் மோவாயின் நிழலில் ஒலி அடைத்துப்போகும், கீழே இறக்கினால் அறை எதிரொலி சேரும். கிளிப்புக்குப் பின்னால் ஒயரில் சின்னதாக ஒரு வளையம் விட்டு டேப் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் விருந்தினர் கையை அசைக்கும்போதெல்லாம் ஒயர் இழுபட்டு, அந்த இழுப்பு மைக்குக்கே போய் 'டொக்' என்று கேட்கும். ஒலியை ரேடியோ அலையில் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா மடங்கக்கூடாது, வியர்த்த உடம்பில் ஒட்டக்கூடாது. நேரலை என்றால் புது பேட்டரி. பாதி தீர்ந்ததை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாட்டி முடித்ததும் "ஹலோ, ஒன்று, இரண்டு" சொல்லச் சொல்லாதீர்கள். அதை எல்லோரும் ஒரு குரலில் சொல்லிவிட்டு, நிகழ்ச்சியில் வேறு குரலில் பேசுவார்கள். இங்கே எப்படி வந்தீர்கள், வழியில் கூட்டமா என்று கேட்டு நாலு வாக்கியம் பேசவிட வேண்டும். அந்தக் குரலுக்குத்தான் ஆடியோ ஆபரேட்டர் லெவல் வைக்க முடியும்.

இதெல்லாம் ஃப்ளோரில் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிடும். சர்வர் அறையில் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் வராது.

கார்டு ரீடர்:
அரங்கவாசல் சொன்ன காரணத்தாலேயே நான் இன்ஜெஸ்ட் என்கிறேன். ஃப்ளோரில் தப்பு உடனே தெரிகிறது, ஏனென்றால் அங்கே திருத்துவதற்கு நாலு பேர் இருக்கிறார்கள். இன்ஜெஸ்டில் செய்த தப்பு இரண்டு நாள் கழித்து எடிட் மேசையில்தான் தெரியும். அதற்குள் கார்டை ஃபார்மேட் செய்து வேறு ஷூட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். திருத்த யாருமில்லாத இடத்தில்தான் ஒழுங்கு பழகும்.

கார்டை வாங்கி சுட்டியால் இழுத்துப் போட்டால் ஏறிவிடும் என்றுதான் புதியவர்கள் நினைக்கிறார்கள். சில கேமராக்கள் படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கோப்பாக எழுதுகின்றன. வீடியோ ஃபோல்டரை மட்டும் இழுத்தால் ஊமைப்படம்தான் மிஞ்சும். சில கார்டுகளில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது, நீளமான பேட்டி பல துண்டாகிவிடும். அந்தத் துண்டுகள் ஒரே கிளிப் என்ற தகவல் வேறொரு சின்னக் கோப்பில் இருக்கும். தேவையில்லாதது என்று அதை விட்டுவிட்டால், ஒட்டும் இடத்தில் சில ஃப்ரேம் காணாமல் போகலாம். அதனால் கார்டின் வேரிலிருந்து முழு ஃபோல்டர் அமைப்பும் அப்படியே வர வேண்டும், பெயர் மாற்றாமல்.

சாதாரண காப்பி, எழுதியது சரியா என்று திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. எம்டி5 அல்லது எக்ஸ்எக்ஸ்ஹாஷ் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டு இரு பக்கமும் ஒப்பிடும் மென்பொருளில்தான் ஏற்ற வேண்டும். பிறகு கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் பார்க்க வேண்டும். முதல், நடு, கடைசி கிளிப்புகளை ஹெட்போனோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு தனித்தனி வட்டில் பிரதி சேர்ந்த பிறகுதான் கார்டு கையை விட்டுப் போகலாம்.

பேக்டைம்:
பி.சி.ஆர் (நிகழ்ச்சியை இயக்கும் கட்டுப்பாட்டு அறை) பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மைக்கை விட ப்ராம்ப்டரை வைத்துத்தான் ஃப்ளோருக்கு ஓட்டுப் போடுவேன். ப்ராம்ப்டர் ஓட்டுபவர் வாசிப்பவரைப் பின்தொடர வேண்டும், இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது. வாசிக்கும் வரி எப்போதும் திரையின் மேல் மூன்றில் ஒரு பங்கில், அம்புக்குறி பக்கத்தில் நிற்க வேண்டும். வாசிப்பவர் திணறி நின்றால் கையும் நிற்க வேண்டும்.

தமிழுக்கென்று சில தனிப் பிரச்சினைகள் உண்டு. விநாடிக்கு மூன்று வார்த்தை என்று ஆங்கிலத்தில் சொல்லும் கணக்கு இங்கே உதவாது. "அறிவிக்கப்பட்டிருக்கிறது" என்பது எழுத்தில் ஒரே வார்த்தை, வாயில் அப்படியில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படித்துத்தான் நேரம் போட வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கொ' மூன்று துண்டாகத் தெரிந்தால் எந்த ஆங்கரும் ஒரு கணம் தடுக்குவார். 1,27,450 என்ற எண்ணை இலக்கத்தில் விடாமல், வாயில் வருகிற மாதிரி எழுத்தில் தர வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு வரி மாறினால் ஆங்கரின் கையில் இருக்கும் தாளிலும் மாற்ற வேண்டும். ப்ராம்ப்டர் அணைந்துபோனால் அவருக்கு அந்தத் தாள்தான் கதி.

அடுத்தது நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுவது. நிகழ்ச்சி 8:28:30க்கு முடிய வேண்டும். விடைபெறும் பகுதி 20 நொடி, ஆக 8:28:10க்குத் தொடங்க வேண்டும். அதற்கு முன் 1 நிமிடம் 45 நொடிக்கு ஒரு பேக்கேஜ் (முன்பே வெட்டித் தயாரித்த செய்தித் தொகுப்பு), ஆக 8:26:25. அதற்கு ஆங்கர் கொடுக்கும் முன்னுரை 15 நொடி, ஆக 8:26:10. அப்படியென்றால் விருந்தினர் 8:26:10க்குள் முடித்தாக வேண்டும், ஃப்ளோரிலிருந்து 'ஒரு நிமிடம்' என்ற சைகை 8:25:10க்குப் போக வேண்டும். விருந்தினர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் சைகையைக் காட்ட எங்கே நிற்பது? ஆங்கர் பார்க்கும் லென்ஸுக்குப் பக்கத்தில், அவர் தலையைத் திருப்பாமலே கண்ணில் படுகிற இடத்தில். அந்தச் சில நொடிக்குள் டிவி என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

கார்டு ரீடர்:
கணக்கு சரி. ஆனால் அந்த 1:45 எங்கிருந்து வந்தது? இன்ஜெஸ்டில் அல்லது எடிட்டில் ஒருவர் கிளிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்ததால் வந்தது. வால் பக்கம் இரண்டு நொடி கூடுதல் படம் விடாமல் வெட்டியிருந்தால், பி.சி.ஆரில் கை அரை நொடி தாமதித்தாலே திரை கறுத்துவிடும். நீங்கள் எண்ணும் நேரம் எங்கள் மேசையில்தான் பிறக்கிறது.

நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் முறையில் டைம்கோடும் கடிகாரமும் ஒத்துப்போகும். நொடிக்கு 29.97 ஃப்ரேம் ஓடும் முறையில் அப்படியில்லை. ட்ராப் ஃப்ரேம் (சில எண்களைத் தாண்டி எண்ணும் முறை) போடாமல் விட்டால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி பிசகும். அதைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு ஃப்ரேம் எண்களைத் தாண்டிவிடுகிறார்கள், பத்தாவது நிமிடங்களை மட்டும் விட்டுவிட்டு. மணிக்கு 108 எண்கள். தாண்டுவது எண்ணை மட்டும்தான், படம் ஒன்றும் குறைவதில்லை. இந்த வித்தியாசம் தெரியாதவர் ரன்டவுனை (நிகழ்ச்சியின் வரிசையும் நேரமும் உள்ள பட்டியலை) தொடக்கூடாது என்பேன்.

லாகிங், அதாவது ஷாட்டுக்குக் குறிப்பு எழுதுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். "நல்ல ஷாட்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "10:14:22, வைடு, இடமிருந்து வலம் பேன், கடைசி 8 நொடி நிலையாக நிற்கிறது, பின்னால் ஹாரன் சத்தம்" என்று எழுத வேண்டும். பைட் (ஒருவர் பேசிய சிறு துண்டு) என்றால் முதல் நாலு வார்த்தையும் கடைசி நாலு வார்த்தையும் அவர் சொன்னபடியே இருக்க வேண்டும். சுருக்கி எழுதினால் எடிட்டர் அந்த வார்த்தையைத் தேடி அலைவார். இப்படி ஆறு மாதம் மற்றவர்கள் எடுத்த படத்தை முழுசாகப் பார்த்து எழுதியவருக்கு, எந்த ஷூட்டில் என்ன விட்டுப்போகிறது என்று தானாகத் தெரிந்துவிடும். கட்அவே (நடுவில் வெட்டிச் சேர்க்கும் துணைக்காட்சி) இல்லை, கேமரா நிலைப்பதற்குள் ரெக்கார்டை நிறுத்திவிட்டார்கள், பேட்டி முடிந்ததும் அறையின் வெற்றுச் சத்தத்தை 30 நொடி எடுக்கவில்லை. இதை ஃப்ளோர் சொல்லித்தராது.

அரங்கவாசல்:
"முழுசாகப் பார்த்து" என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். வேலை குவிந்தால் யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, ஒலியை அடக்கிவிட்டுக் குறிப்பு எழுதுவார்கள். அதைக் கவனிக்க ஆள் இல்லாததால் கெட்ட பழக்கம் அப்படியே இறுகிப்போகும். திருத்த யாருமில்லாத இடத்தில் ஒழுங்கு பழகும் என்றீர்கள். ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறவருக்கு அது சரி. முதல் வேலைக்கு வந்தவருக்குச் சோம்பலும் அங்கேதான் பழகும்.

ஒலிக்கோடு:
மைக் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நெஞ்சின் நடுவில் என்பது நேராகப் பார்த்துப் பேசுபவருக்குத்தான். விருந்தினர் ஆங்கர் பக்கம் திரும்பிப் பேசுவார் என்றால், அவர் திரும்பும் பக்கத்துக் காலரில் மாட்ட வேண்டும். சங்கிலி, பதக்கம், கஞ்சி போட்ட மொடமொட துணி மூன்றையும் முதலில் பாருங்கள். துணிக்கு அடியில் வைப்பதானால் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு முக்கோணமாக மடித்து, மைக்கின் இரண்டு பக்கமும் வைத்துத் துணியோடு ஒட்டிவிட வேண்டும். உரசல் வருவது துணி நகர்வதால், ஆகவே நகரவிடக்கூடாது.

ஆனால் கேட்காமல் எப்படிக் கற்றுக்கொள்வார்? சரசரவென்றால் துணி. திடீரென்று அறுந்து அறுந்து வந்தால் ரேடியோ சிக்னல், ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் உடம்பு நிற்கிறது. சத்தம் ஏறும்போது மட்டும் கரகரத்தால் கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஃப்ளோர் உதவியாளர் காதில் இருப்பது டாக்பேக். பி.சி.ஆர் சொல்வது கேட்கும், விருந்தினர் மைக் கேட்காது. தான் மாட்டிய மைக் எப்படி ஒலித்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அதை முழுசாகக் கேட்பவர் இன்ஜெஸ்டில் ஹெட்போன் போட்டவர்தான். இந்த ஒரு காரணத்துக்காக நான் கார்டு ரீடர் பக்கம்.

அரங்கவாசல்:
இதை ஒப்புக்கொள்கிறேன், ஒலிக்கோடு. நான் யோசிக்காத இடம். ஆனால் அதற்கு ஆளை இடம் மாற்ற வேண்டியதில்லை. டாக்பேக்குக்காக இடுப்பில் மாட்டும் பெல்ட்பேக் பெட்டியில் இரண்டாவது சேனல் இருந்தால், ஒரு காதில் நிகழ்ச்சி ஒலி, ஒரு காதில் பி.சி.ஆர் என்று கொடுக்கலாம். முதல் நாளே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தொடக்கப்புள்ளி:
ஒரு துணைக்கேள்வி. ஷூட் நடந்துகொண்டிருக்கும்போதே கார்டு ஃப்ளோரிலிருந்து இன்ஜெஸ்டுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கேதான் சண்டை வருகிறது. ஃபார்மேட் செய்யலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு?

பேக்டைம்:
நேரலை ஓடும்போது ஃப்ளோர் மேனேஜருக்கு. காத்திருக்க நேரமில்லை.

கார்டு ரீடர்:
கடுமையாக மறுக்கிறேன். ஏற்றியவரைத் தவிர யாருக்கும் அந்த உரிமை கிடையாது. நேரமில்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். விநாடிக்கு 50 மெகாபிட் பதிவு என்றால் ஒரு மணி நேரப் படம் 22.5 ஜிபி. ஒலியையும் சேர்த்து 25 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீடர் விநாடிக்கு 100 எம்பி படித்தால் சுமார் 4 நிமிடத்தில் ஏறிவிடும். செக்சம் பார்க்க எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டும், இன்னொரு 4 நிமிடம். ஓட்டிப் பார்க்க 2 நிமிடம். ஆக 10 நிமிடம். இதற்குத் தேவை அவசரம் அல்ல, மூன்றாவது கார்டு. ஒன்று கேமராவில், ஒன்று என் ரீடரில், ஒன்று காலியாக உதவியாளர் பையில். ஒவ்வொரு கேமராவுக்கும் இப்படி மூன்று.

படம் எடுத்த கார்டைப் பெட்டியில் கவிழ்த்துப் போடுங்கள், காலி கார்டு நிமிர்ந்தபடி இருக்கட்டும். பூட்டு இருக்கும் கார்டு என்றால் கேமராவிலிருந்து எடுத்த கையோடு பூட்டுங்கள். கேமரா எண், ரீல் எண், தேதி, எடுத்தவர், கொடுத்த நேரம் என ஐந்து கட்டம் உள்ள சீட்டு கார்டோடு வர வேண்டும். நான் ஏற்றி முடித்ததும் அதே சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவேன். கையெழுத்து இல்லாத கார்டை ஃபார்மேட் செய்யக்கூடாது. செய்யும்போது கணினியில் வேண்டாம், அந்தக் கேமராவிலேயே செய்யுங்கள். கணினி வேறு அமைப்பில் எழுதிவிட்டால் ரெக்கார்ட் பாதியில் நின்றுபோகலாம்.

அரங்கவாசல்:
சீட்டுக்குச் சம்மதம், மூன்று கார்டுக்கும் சம்மதம். ஆனால் அந்தச் சீட்டை நிரப்புபவர் ஃப்ளோரில் நிற்கும் புதியவர்தான். ரீல் எண்ணை அவர் தப்பாக எழுதினால் உங்கள் செக்சமும் கண்டுபிடிக்காது. ஆகவே முதல் ஆறு மாதம் அவர் என்னிடம்தான் இருக்க வேண்டும்.

ஒலிக்கோடு:
சீட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் சேருங்கள்: எந்தச் சேனலில் யார் மைக். நாலு விருந்தினர் பேசிய நிகழ்ச்சியில் அது இல்லாவிட்டால், லாக் எழுதுபவர் யார் குரல் எதில் என்று தேடியே அரை நாளைக் கழிப்பார்.