மாஹே ரோசம்மாளை எந்தப் பதிவேட்டில் தேடறதுங்க?

வேலந்தாவளத்துக்காரி:
வணக்கம்ங்க. எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அம்முச்சியோட ஜெபப் புத்தகத்துப் பின்னட்டையில, தாய்க்குத் தாய்னு பொம்பளைங்க பேரை மட்டும் கீழிருந்து மேல எழுதி வச்சிருக்காங்க. பென்சில் எழுத்து, மேல போகப் போக மங்கல். உச்சியில "ரோசம்மாள், மாஹே, பட்டாளத்தான் பெண்சாதி". புருசன் பேர் இல்லை, வருசம் இல்லை. புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் போனவளாம். இங்கிலீஷ்காரன் மாஹேயைப் பிடிச்சப்ப கைக்குழந்தையோட ஆத்தைத் தாண்டி வந்தாளாம். பாட்டன் பூட்டன் வரிசையை எல்லாரும் காப்பாத்தறாங்க. இவளை விட்டுடக் கூடாதுங்க. அது எந்த வருசமா இருக்கும்?

பழைய ஏடு, புதுவை:
அக்கா, இங்கிலீஷ்காரன் ஒரு தடவை இல்லை, மூணு தடவை பிடிச்சான். மிளகுக்காக 1721ல் அங்கே கால் வச்ச பிரெஞ்சுக்காரங்க, 1761 ஜனவரியில் புதுச்சேரியை இழந்து, அடுத்த மாசமே மாஹேயையும் இழந்தாங்க. திரும்பக் கிடைச்சு 1779ல் போச்சு, 1793ல் மறுபடி போச்சு. 1817ல்தான் நிலையா கைக்கு வந்தது. பின்னட்டைப் பேர்களை எண்ணி, தலைமுறைக்கு 25 வருசம் போட்டுப் பாருங்க. எந்தத் தடவைன்னு ஓரளவு பிடிபடும்.

பழைய பதிவேடுகள் பிரான்ஸில், ஏக்ஸ் நகர ஆவணக்காப்பகத்தோட இணையதளத்தில் இருக்கு, காசு கிடையாது. பிரெஞ்சு வழக்கப்படி பொம்பளையைப் பிறந்த வீட்டுப் பேரில்தான் எழுதுவாங்க. அதனால புருசன் பேர் தெரியலைன்னு தளராதீங்க. அவ பெத்த குழந்தைங்களோட ஞானஸ்நானத்தை மட்டும் பார்க்காம, ஊரார் குழந்தைக்கு ஞானத்தாயா நின்ன இடத்தையும் பாருங்க. ஏழைப் பொம்பளை பேர் பல சமயம் அங்கேதான் மாட்டும். இன்னைக்கு இருக்கிற பிரெஞ்சுக் குடும்பப் பேரை வச்சுத் தேட வேண்டாம், அதில் பலது, இந்தியர் பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்துக்கிட்டுக் குடும்பப் பேர் வச்சுக்க வழி செஞ்ச 1881 ஆணைக்குப் பிறகு எடுத்துக்கிட்டது.

மய்யழிக்கரை:
மாஹேயில் வேலை பார்க்கறேன். இங்கே தெரேசம்மாள் கோவில் 1736ல் தொடங்கினது, பங்குச் சாமியாரையும் கேளுங்க. ரோசம்மாள் சட்டைக்காரக் குடும்பமான்னும், அதாவது ஐரோப்பியக் கலப்புக் குடும்பமான்னும் பாருங்க. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயோட பெண்சாதி ழான், 1706ல் புதுச்சேரியில் பிறந்தவங்க; அவங்க அம்மா பேரிலும் ரோசா உண்டு, அவங்க போர்த்துகீசியக் கலப்பு வழி. கவர்னருக்கு மாமியார் ஆனதால அவங்களைப் பத்தி எழுதி வச்சாங்க. பட்டாளத்தான் பெண்சாதியை நாமதான் தேடணும்.

வேலந்தாவளத்துக்காரி:
ரொம்ப நன்றிங்க. எண்ணிப் பார்த்தா 1779க்குப் பக்கம் வருது. மாஹே ஏட்டிலிருந்து ஆரம்பிக்கறேன். ஞானத்தாய் அதே பங்கைச் சேர்ந்தவளா இருக்கணுமா?

பழைய ஏடு, புதுவை:
கட்டாயமில்லை அக்கா. புதுச்சேரி ஏட்டையும் சேர்த்தே பாருங்க.