ரிசால்வர் = ? சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மடல் 1, திண்டுக்கல்

நண்பர்களுக்கு வணக்கம். சிறு அலுவலகங்களில் கணினி பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரம், அலுவலகத்துக்குள்ளேயே ஒரு டிஎன்எஸ் வழங்கி, அதாவது கணினியின் பெயரைக் கேட்டால் அதன் எண்ணைச் சொல்லும் வழங்கி, நிறுவுவது. போன மாதம் ஓரிடத்தில் பன்னிரண்டு திரையிலும் ‘கணக்கு 192.168.1.23’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். மின்வெட்டு வந்து போனதும் ரவுட்டர் அந்தக் கணினிக்கு 192.168.1.31 கொடுத்துவிட்டது. மதியம் வரை பில் போட முடியவில்லை. பழைய கணினி ஒன்றில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலைப் போட்டு, ரவுட்டரின் டிஎச்சிபியை, அதாவது கணினிகளுக்கு எண் கொடுக்கும் வேலையை, நிறுத்தி அதையும் இதனிடமே விட்டால், எண் மாறினாலும் பெயர் கூடவே போகும். சீட்டே வேண்டாம்.

களப்பெயர் (டொமைன்), மண்டலம் (ஜோன்) எல்லாம் எழுதிவிட்டேன். பெயருக்குரிய எண்ணை மற்ற வழங்கிகளிடம் கேட்டு வாங்கித் தரும் ரிசால்வரில் நிற்கிறேன். இப்போதைக்கு ‘தீர்வி’ என்று வைத்திருக்கிறேன். கையேடு சனி மாலை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது.

மடல் 2, யாழ்ப்பாணம்

தீர்வி வேண்டாம் ஐயா. எங்கள் பக்கம் தீர்வை என்றால் சுங்கத்தில் கட்டுவது, பிள்ளைகள் அதைத்தான் நினைப்பார்கள். ‘தீர்’ என்றாலே சிக்கல் தீரவேண்டும், அல்லது அரிசி தீரவேண்டும். இங்கே பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணை விசாரித்துக் கண்டுபிடிக்கிறோம். துப்புத் துலக்குகிறோம் என்கிறோமே, அதே வேலை. ‘துலக்கி’ என்று வையுங்கள். மண்டலமும் எங்களுக்கு வலயம்தான், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

மடல் 3, தஞ்சாவூர்

துலக்கி என்பது வினையெச்சமாகவே காதில் விழுகிறது. ‘பாத்திரத்தைத் துலக்கி வைத்தாள்.’ பெயர்ச்சொல்லாக நிற்க வலுவில்லை.

நம்மிடம் இதற்கென்றே ஓர் இலக்கணம் இருக்கிறது: ஆற்றுப்படை. பரிசில் பெற்று வரும் பாணன், எதிரே வரும் வறிய பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துகிறான். ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்பது தொல்காப்பியம். ஒருமுறை பெற்ற விடையை வைத்திருந்து அடுத்துக் கேட்பவருக்குச் சொல்லும் கேஷ்கூட இந்த அடிக்குள் வந்துவிடுகிறது. ஆகவே ‘ஆற்றுப்படுத்தி’. இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது என்பது என் உறுதியான கருத்து.

மடல் 4, சென்னை

ஐயா, உவமை அருமை. ஆனால் ஆள் மாறிவிட்டது. ‘எனக்குத் தெரியாது, டாட் இன் வழங்கிகளிடம் போ’ என்று வழி சொல்வது, தேடல் தொடங்கும் உச்சியில் இருக்கும் ரூட் வழங்கி. அதுதான் ஆற்றுப்படுத்துகிறது. ரிசால்வர் அலைந்து திரியும் வறிய பாணன்.

இன்னொன்று, திண்டுக்கல் அண்ணனுக்கு. டிஎன்எஸ்மாஸ்க் அப்படி அலைவதுகூட இல்லை. உள்ளூர்ப் பெயரென்றால் தானே பதில் சொல்லும், மற்றதை இணைய நிறுவனத்தின் ரிசால்வரிடம் தள்ளிவிடும். தானே அலைவது அன்பவுண்டு மாதிரி நிரல்கள். கையேட்டில் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், பிழை வந்த அன்று பிள்ளைகள் தவறான இடத்தில் தேடுவார்கள். பெயர்களின் முடிவில் டாட் லோக்கல் வைக்காதீர்கள், அது எம்டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது வழங்கி இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறைக்கு, உரியது. டாட் இன்டர்னல் வையுங்கள். 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அதை உள்வலைகளுக்கென்றே ஒதுக்கிவிட்டது.

சொல் விஷயத்தில் என் வாக்கு ‘ரிசால்வர்’. திரையில் வரும் பிழைச்செய்தியில் இருப்பது அந்தச் சொல்தான்.

மடல் 5, யாழ்ப்பாணம்

ஆற்றுப்படுத்தல் இங்கே உளவளத் துணைக்கு நிலைத்துவிட்ட சொல். மனம் நொந்தவர்கள் தேடிப் போகும் இடத்தின் பெயரை ஒரு கணினிக்கு வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வினையெச்சக் குறைக்கு மருந்து உண்டு. முன்னால் ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். மண்வெட்டி, ஊர்சுற்றி, ஆட்கொல்லி. அப்படியே ‘பெயர்துலக்கி’.

மடல் 6, தஞ்சாவூர்

‘மண்வெட்டி களைத்தான்’ என்றால் அங்கும் வினையெச்சம்தானே? ரூட் வழங்கியே ஆற்றுப்படுத்துவது என்ற திருத்தத்தை ஏற்கிறேன். அப்படியானால் ரிசால்வருக்குப் ‘பரிசிலன்’ என்று வைப்போம். ரிசால்வர் என்றே எழுதுவதை மட்டும் ஏற்கமாட்டேன். பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது என்பதற்காகப் பாடமும் ஆங்கிலத்தில் இருந்தால், அந்தச் செய்தியைத் தமிழாக்கும் பிள்ளை எங்கிருந்து வருவான்?

மடல் 7, திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. கடைக்காரர் ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார். முதல் பக்கத்தில் ‘பெயர்துலக்கி, அதாவது ரிசால்வர்’ என்று ஒருமுறை, அப்புறம் பெயர்துலக்கி மட்டும். டிஎன்எஸ்மாஸ்க்குக்கு ‘கடத்தி’ என்று வைக்கப் பார்த்தேன், மின்கடத்தி குறுக்கே வருகிறது. ‘முன்னனுப்பி’ என்று போட்டுவிட்டேன். டாட் லோக்கலை எல்லாப் பக்கத்திலும் மாற்றியாயிற்று.

மடல் 8, தஞ்சாவூர்

அச்சுக்குப் போகட்டும். பரிசிலனைப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டாம். முன்னனுப்பியில் ‘முன்’ காலமா இடமா என்று நாளை எழுதுகிறேன்.