உதவி: நீராவி இன்ஜின் ஃபிரேமில் விரிசல். வெல்டிங் போட்டு ஓட்டலாமா, முழுக்கப் பிரிக்க வேண்டுமா?

கரித்தூள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வட இங்கிலாந்தில் ஒரு சின்னப் பாரம்பரிய ரயில் பாதையில் வார இறுதிகளில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். எங்கள் குழுவிடம் ஆறு சக்கர டேங்க் இன்ஜின் (தண்ணீரைத் தன் மேலேயே சுமக்கும் வகை) ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேகன் இழுத்தது. சிலிண்டர் இரண்டும் வெளிப்பக்கம். பாய்லரைக் கழற்றி வெளியே ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் ஃபிரேமைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற வேலை எங்களுடையது.

நடு ஆக்சிலின் வலப்பக்கம், ஆக்சில் பாக்ஸ் (ஆக்சில் சுழலும் பேரிங் இருக்கும் பெட்டி) மேலும் கீழும் நகர்வதற்காக ஃபிரேமில் வெட்டி விட்டிருக்கும் இடைவெளியின் மேல் மூலையில், பெயின்ட் போனதும் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கீறலாக இருக்கும் என்று துடைத்து விட்டோம். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அதே கோட்டில் எண்ணெய் கசிந்து துரு நிறத்தில் நிற்கிறது. கட்டைவிரல் நீளம் இருக்கும்.

கமிட்டியில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, விரிசலைத் தோண்டி வெல்டிங் போட்டுவிட்டு மேலே போகலாம் என்கிறது. முதல் ஓட்டத்துக்கு நாள் குறித்து நன்கொடையாளர்களிடம் சொல்லிவிட்டதால் அவர்களுக்கு அந்த நெருக்கடி. இன்னொரு கட்சி, சக்கரத்தை எல்லாம் உருவி ஃபிரேமை முழுக்கச் சோதிக்க வேண்டும் என்கிறது. பேச்சு சூடானால் இரண்டு பக்கமும் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனைப் பார்' என்கிறார்கள். அந்தப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் நீராவி இன்ஜின் விஷயத்தில் உண்மையில் என்னதான் நடந்தது? எங்கள் விரிசலை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

பொன்மலை ஃபிட்டர்

தம்பி, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊட்டி மலை ரயில் இன்ஜின்கள் எங்கள் கையில்தான் வரும். நீங்கள் சொல்லும் மூலையில்தான் பெரும்பாலும் விரிசல் விழும். அந்த இடத்தில் ஃபிரேம் தகடு வெட்டுப்பட்டுப் பலம் குறைந்திருக்கும். வெட்டின் வாயை அடியில் சேர்த்துப் பிடிப்பது குறுக்கே போல்ட் போட்ட ஒரு பட்டை. ஹார்ன் ஸ்டே என்போம். அது தளர்ந்தால் பிஸ்டன் தள்ளும்போதும் இழுக்கும்போதும் வாய் திறந்து திறந்து மூடும். மேல் மூலை எத்தனை நாள் தாங்கும்? அதனால் விரிசலைப் பார்ப்பதற்கு முன் பட்டையைப் பாருங்கள். போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? பட்டை ஃபிரேமைத் தொடும் இடத்தில் பளபளவென்று உரசின அடையாளம் உண்டா?

அப்புறம், வேறு எங்கெல்லாம் விரிசல் என்று தெரிய இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இடத்தை நன்றாகச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி ஊற விடுங்கள். துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாகப் பூசுங்கள். வெள்ளை காய்ந்ததும் பக்கத்தில் சுத்தியலால் தட்டினால், விரிசல் இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் வெளியே வந்து கோடு போடும். ஆறு வெட்டுகளிலும் நான்கு மூலையும் பாருங்கள். சிலிண்டர் போல்ட் வரிசையையும் விடாதீர்கள்.

அதுவரை வெல்டிங் ராடைத் தொடக் கூடாது.

கரித்தூள்

நன்றி ஐயா. சொன்னபடியே செய்தோம். பட்டையின் போல்ட் இரண்டு கையாலேயே திரும்புகிறது. வலப்பக்கக் கோடு நாங்கள் நினைத்ததைவிட நீளம். இடப்பக்கம் அதே ஆக்சிலில் இன்னொரு கோடு. அங்கே பெயின்ட்டுக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை. மற்ற மூலைகளில் எதுவும் வரவில்லை. சிலிண்டர் பக்கம் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

டான்காஸ்டர் பச்சை

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் பற்றிக் கேட்டீர்களே, நான் சொல்கிறேன். பல வருடமாகத் தேடித் தேடிப் படித்து வரும் விஷயம் அது.

நைஜல் கிரெஸ்லி என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 1923-இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் ஒர்க்‌ஷாப்பில் கட்டியது. 1934-இல் மணிக்கு 100 மைல் தொட்டதாக அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1963-இல் பிரிட்டிஷ் ரயில்வே ஓரங்கட்டியபோது ஆலன் பெக்லர் என்பவர் 3,000 பவுண்டுக்கு வாங்கிக் காப்பாற்றினார். பிறகு அமெரிக்கா போய், அந்தப் பயணத்தில் அவர் திவாலாகி, வேறு கைக்கு மாறித் திரும்பி வந்தது. 1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கும் போய் ஓடியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2004-இல் யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 23 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கியபோது அது புத்தகத்தில் இருக்கும் 1923 இன்ஜின் அல்ல. 1947-இலேயே ஏ1 வகையிலிருந்து ஏ3 வகைக்கு மாற்றிவிட்டார்கள். டான்காஸ்டரில் பாய்லர்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப்புக்கு வரும் இன்ஜினுக்குத் தயாராக இருக்கும் பாய்லரை ஏற்றி அனுப்புவது வழக்கமாக இருந்தது. பல கைகள், பல காலங்களின் பாகங்கள் சேர்ந்த உருப்படி அது.

2006-இல் முழுச் சீரமைப்பு தொடங்கியது. 2011 மே மாதம் போர்க்காலக் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒரு பக்கம் 103, மறுபக்கம் 502 என்று எண் போட்டு மக்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அடுத்து ஓட்டம்தான் என்று நினைத்தார்கள். அதன் பிறகுதான் ஃபிரேம் பகுதியில் விரிசல்கள் தெரியவந்தன. திரும்பப் பிரித்தார்கள். 2012 அக்டோபரில், ஏன் இவ்வளவு தாமதம், ஏன் இவ்வளவு செலவு என்று ஆராய்ந்த அறிக்கையை அருங்காட்சியகமே வெளியிட்டது. தங்கள் தரப்புக் குறைகளை அப்படிப் பொதுவில் வைத்ததை நான் மதிக்கிறேன். அதன்பின் இன்ஜின் பரி நகரத்தில் இருந்த ரைலி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. 2016 ஜனவரியில் ஆவி ஏறியது. பிப்ரவரி 25-ஆம் தேதி லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் வரை ஓடியது. மொத்தச் செலவு 42 லட்சம் பவுண்டு.

இன்னொரு கணக்கையும் உங்கள் கமிட்டியில் சொல்லுங்கள். அதே நாட்டில் டொர்னாடோ என்ற பெரிய இன்ஜினை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து புதிதாகக் கட்டி 2008-இல் ஓடவிட்டார்கள். செலவு சுமார் 30 லட்சம் பவுண்டு. புதுசு கட்டுவது பழசைப் பழுது பார்ப்பதைவிடக் குறைவாக வந்திருக்கிறது! எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. புது இன்ஜினில் ஒவ்வொரு பாகமும் வரைபடத்தில் உள்ள அளவில் வரும். பழசில் ஒரு பாகத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தால், அதோடு சேர்ந்து தேய்ந்த பக்கத்துப் பாகம் ஒத்து வராது. அதைச் சரிசெய்தால் அடுத்தது. மதிப்பீடு எகிறுவது இங்கேதான்.

ஆக, உங்கள் முதல் கட்சி அந்த இன்ஜினைத் துணைக்கு இழுப்பது தவறு. அங்கே நேரத்தைத் தின்றது, பிரிக்காமல் விட்ட பகுதி.

ரயில் பைத்தியம்

அண்ணே, எல்லாம் சரி. ஆனால் அது மெயின் லைனில் 75 மைல் வேகத்தில் ஓடிய வண்டி. இவர்களுடையது சுரங்க இன்ஜின், சின்னப் பாதையில் 25 மைலுக்கு மேல் போகப் போவதில்லை. தோண்டி வெல்ட் பண்ணினால் போதாதா? தன்னார்வலர் குழுவிடம் எங்கே இருக்கிறது அவ்வளவு பணம்?

எக்ஸ்ரே கண்

வெல்டிங் சோதனைதான் என் தொழில், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். வேகம் குறைவு என்பது உண்மை. ஆனால் சுரங்க இன்ஜின் நின்ற இடத்திலிருந்து முழுப் பாரத்தையும் இழுத்தே வாழ்ந்தது. ஃபிரேமை வதைப்பது அந்தத் தள்ளுதல்தான். வேகம் குறைந்ததால் அது குறைந்துவிடாது.

வெல்டிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசியில் வெல்டிங்தான் போடப் போகிறீர்கள். எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி. முதலில் காந்தத் துகள் சோதனையில் (தகட்டைக் காந்தமாக்கி இரும்புத் தூள் தூவிப் பார்ப்பது) விரிசலின் இரண்டு முனையையும் குறிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனை அல்ல. ஐயா சொன்ன சாக்பீஸ் முறை விரிசல் எங்கே என்று காட்டும், எவ்வளவு ஆழம் என்று காட்டாது. அதற்கு அல்ட்ராசானிக், அதாவது ஒலி அலைச் சோதனை வேண்டும். நல்ல உலோகம் வரும்வரை வி வடிவில் தோண்டி, மறுபடி சோதித்து, சூடேற்றி, பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். ஒரே பக்கம் ஒரே மூச்சில் நிரப்பினால் தகடு ஆறும்போது இழுத்துக்கொள்ளும். அதற்கு முன் அந்தத் தகடு எந்த ரக எஃகு என்று ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்து விடுங்கள். பழைய தகடுகளில் கந்தகமும் பாஸ்பரசும் இன்றைய எஃகைவிட அதிகம் இருக்கும், வெல்டிங் ஓரத்திலேயே புது விரிசல் விட வாய்ப்பு உண்டு.

சக்கரம் உள்ளே இருக்கும்போது இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது. தகட்டின் உள்பக்கத்துக்கு வெல்டிங் டார்ச் போகாது. சக்கரத்தை உருவத்தான் வேண்டும், ரயில் பைத்தியம் தம்பி. அதைச் செய்த பிறகு ஃபிரேமை முழுக்கச் சோதிப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான்.

பொன்மலை ஃபிட்டர்

நன்றாகச் சொன்னீர்கள். வெல்டிங் முடிந்ததும் ஃபிரேம் பழையபடி நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் ஆக்சில் பாக்ஸைப் போடக் கூடாது. சிலிண்டர் துளையின் நடுவே மெல்லிய பியானோ கம்பியை இழுத்துக் கட்டிப் பின்னால் வரை கொண்டுபோங்கள். இயக்கும் ஆக்சிலின் மையத்துக்கு அது சரியாக வரணும். இரண்டு பக்கக் கம்பியும் ஒன்றுக்கொன்று இணையாக, ஹார்ன் முகத்துக்கு (வெட்டின் பக்கவாட்டில் ஆக்சில் பாக்ஸ் உரசி நகரும் பரப்பு) செங்குத்தாக இருக்கணும். கோணல் இருந்தால் ஆக்சில் பாக்ஸ் சூடேறும், கனெக்டிங் ராட் தட்டும், போல்ட் தளரும், திரும்ப அதே மூலையில் விரிசல்.

பிரிப்பதற்கு முன்னேயும் ஒரு தடவை இந்தக் கம்பி அளவை எடுத்து எழுதி வையுங்கள். எதனால் கோணியது என்று பிறகு வாக்குவாதம் வராது.

டான்காஸ்டர் பச்சை

பாய்லர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கரித்தூள். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனில் முன்பு ஏ4 வகைப் பாய்லர், சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தத்தில் இருந்தது. இந்தச் சீரமைப்பில் அதை விட்டுவிட்டு, கைவசம் இருந்த ஏ3 பாய்லரை எடுத்தார்கள். ஏ3-இன் அழுத்தம் 220 பவுண்டு. இன்ஜினின் பழைய அடையாளத்துக்கு அது பொருத்தம். அழுத்தம் குறைந்தால் பிஸ்டன் ஃபிரேமைத் தள்ளும் விசையும் அதே விகிதத்தில் குறையும். உங்கள் இன்ஜினின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்ட முடியுமா என்று உங்கள் பாய்லர் ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள். சின்னப் பாதைக்கு அது போதலாம்.

இன்னொன்று அவசரம். பிரிட்டனில் பாய்லர் சான்றிதழ் பொதுவாக 10 வருடம். பாய்லர் ஆவி ஏற்றிச் சோதித்த பிறகு, இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காலம் கழிந்துகொண்டே இருக்கும். ஃபிரேம் வேலை தள்ளிப் போகிறது என்றால் ஒப்பந்தக்காரரிடம் இன்றைக்கே பேசி, கடைசிச் சோதனையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

கரித்தூள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இந்த இழையை அப்படியே கமிட்டியில் படித்துக் காட்டினேன். டொர்னாடோ கணக்கைக் கேட்டதும் பொருளாளர் அமைதியாகிவிட்டார். சக்கரத்தை உருவுவது என்று முடிவாகிவிட்டது. குறித்த நாளைத் தள்ளிவைத்து, விரிசலின் படத்தோடு நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதப் போகிறோம். பாய்லர்காரரும் சோதனையை நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டார்.

வெட்டி எடுக்கும் பழைய உலோகத்தை என்ன செய்வது? பழைய போல்ட் எல்லாவற்றையும் குப்பையில் போடலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

பொன்மலை ஃபிட்டர்

போடவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் தகர வில்லை கட்டி, எந்த ஆக்சில், எந்தப் பக்கம், எத்தனையாவது ஓட்டை என்று அடித்து வையுங்கள். தேய்ந்த போல்ட்டைப் பார்த்தால் விசை எந்தப் பக்கம் இழுத்தது என்று படிக்கலாம். ஹார்ன் ஸ்டேக்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொன்றும் அதன் இடத்துக்கே ராவி உட்கார வைத்தது. இன்ஜினைத் தூக்கும்போது ஜாக்கிக்கு அடியில் இரும்புப் பலகையோடு கட்டையும் வையுங்கள். தூக்கி முடித்ததும் ஸ்டாண்டு கொடுக்காமல் ஒருவரும் அடியில் போக வேண்டாம்.

கம்பி அளவு எடுத்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.