தன்னார்வக் குழுவில் நடத்தை விதிகளை நடைமுறைப்படுத்த வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, நிவாரணப் பொருட்களை ஒருங்கிணைக்க மன்னார்குடியில் தொடங்கிய வாட்ஸ்அப் குழு எங்களுடையது. இப்போது வாய்க்கால் தூர்வாருதல், மரக்கன்று நடுதல் என்று வேலை விரிந்திருக்கிறது. நடத்தை விதிகளும் எழுதி வைத்திருக்கிறோம். அவற்றைச் செயல்படுத்துவதில்தான் சிக்கல்.

மூத்த உறுப்பினர் ஒருவர் பெண் தன்னார்வலர்களுக்கு இரவில் தனிச்செய்தி அனுப்புகிறார். பதில் வராவிட்டால் குழுவில் எல்லோர் முன்னும் குத்திப் பேசுகிறார். புயல் நேரத்தில் அவர் உழைத்த உழைப்பு பெரிது. அதனாலேயே "அண்ணனை எப்படிக் கேட்பது?" என்று தயங்குகிறார்கள். புகார் சொன்ன பெண்கள்தான் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

திறமூல மென்பொருள் குழுக்கள் பின்பற்றும் 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற நடத்தை விதித்தொகுப்பின் 2.0 பதிப்பில், விதி மீறுபவர் மீதான நடவடிக்கைக்கு திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று நான்கு படிகள் உண்டு. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆனால் புகாரை விசாரிக்க வேண்டிய மூன்று நிர்வாகிகளில் இருவர் அந்த மூத்த உறுப்பினருக்கு உறவினர்கள். வெளியூர் ஆள் ஒருவரைச் சேர்க்கலாமா? எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் புகார்தாரர் பெயரை எப்படிக் காப்பது?

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமின்றித் தன்னார்வமாக வேலை செய்பவரையும் பணியாளர் என்றே வரையறுக்கிறது. எங்களைப் போன்ற பதிவு செய்யாத குழுவிலிருந்து, அச்சட்டப்படி புகார்களை விசாரிக்கும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் தர முடியுமா? வழக்கறிஞர்கள் விளக்குங்கள்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன் தூர்வாரும் பணி இருக்கிறது. அதற்கு அந்த மூத்த உறுப்பினரே பொறுப்பாளர். அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.