ஊரில் குண்டு விழுந்த செய்தி வந்த அன்று: சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி:

தோட்ட வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். தொழிலாளர் தங்கும் கொங்சியில் நாங்கள் ஐந்து பேர். அடுத்த அறையில் பாகிஸ்தான் ஆட்கள், எதிரே வங்காளதேசம், நேப்பாளம். விமானத் தாக்குதல், பதிலடி என்று செய்தி வந்தாலே குரூப் முழுக்க வீடியோவும் சண்டையும்தான். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதலில் நேரக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலேசியா இந்தியாவைவிட 2 மணி 30 நிமிடம் முந்தி. 2025 மே 7 அன்று இந்தியா பாகிஸ்தானுக்குள் தாக்கியபோது இந்திய நேரம் நள்ளிரவு 1.05 முதல் 1.30 வரை, இங்கே விடியற்காலை 3.35 முதல் 4 மணி. ஊரே தூங்கும்போது நீங்கள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழும் நேரம். நெற்றி விளக்கோடு இருட்டில் வரிசையில் நிற்கும்போதே முதல் வீடியோ கைக்கு வந்துவிடும். அரசுத் தரப்பிலிருந்து அப்போது வந்திருப்பது நாலு வரி அறிக்கைதான், மற்றதெல்லாம் ஊகம். அதனால் காலைப் பசியாறும் நேரம் வரை எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான் பொய் அதிகம் ஓடும்.

வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை இன்றே நிறுத்திவையுங்கள். டாப்அப் காசு மிச்சமாகும். அதைவிட முக்கியம், பார்க்காத வீடியோ உங்கள் போனில் சேராது.

சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவின் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, பொய்யானதையும் மிரட்டலானதையும் மிக மோசமாகப் புண்படுத்துவதையும் பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு இணையத்தில் அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. 2025 பிப்ரவரி 11 முதல் அதற்குத் தண்டனை 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. ‘எனக்கு வந்ததைத்தானே அனுப்பினேன்’ என்பது பதிலாகாது, அனுப்பியதும் செயல்தான். இனம், மதம், அரசர் இந்த மூன்றையும் இந்த நாட்டில் மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். போர்ச் செய்தியோ இரண்டாவது வரியிலேயே மதத்துக்குள் போய்விடும். உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலை பெர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரம் குடிநுழைவுத் துறைக்கு இருக்கிறது. நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன்பே வேலை போய்விடலாம்.

குரூப்புக்கு நீங்கள் அட்மினாக இருந்தால், இரண்டு நாளைக்கு அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். ஊர்க்காரர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொரு பதில்:

வீடியோ பொய்யா மெய்யா என்று பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். மூன்று சோதனை போதும்.

முதலாவது ஒலி. சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். தூரத்தில், சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி நெருப்புப் பந்து எழுகிறது என்றால் சத்தம் 6 விநாடி கழித்துத்தான் வர வேண்டும். வெளிச்சமும் இடியும் ஒரே நொடியில் வந்தால், ஒலியை யாரோ பிறகு ஒட்டியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் அது கணினி விளையாட்டு. ‘ஆர்மா 3’ என்ற விளையாட்டின் காட்சிகள் 2022 உக்ரைன் போர் உட்படப் பல சண்டைகளில் உண்மைக் காட்சி என்று சுற்றியிருக்கின்றன.

அடுத்து வெளிச்சம். தாக்குதல் நள்ளிரவில் நடந்திருக்க வீடியோவில் பகல் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பிறகு பழைய படம். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். 2025 மே மாதம் பாகிஸ்தான் ஏவுகணைத் தாக்குதல் என்று ஓடிய ஒரு வீடியோ, 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிப்பு. அந்த நாட்களில் தொலைக்காட்சிகளே சில பழைய வீடியோக்களைப் போட்டு ஏமாந்தன. இந்திய விஷயத்துக்கு அந்த அரசின் பத்திரிகைத் தகவல் பிரிவான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பக்கம், மலேசிய விஷயத்துக்கு 2017 முதல் இயங்கும் ‘செபெனார்ன்யா’ தளம். தமிழில் கேட்க வேண்டுமென்றால் மலேசிய அரசுத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் செய்தி. நிதானமாகச் சொல்வார்கள்.

இன்னொரு பதில்:

கொங்சியைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். அன்றைக்கு உண்மையில் கெட்டுப்போவது அங்கேதான்.

நம் ஆட்கள் பலர் இந்தி புரியாமலேயே இந்திச் செய்திச் சேனலைச் சத்தமாக வைக்கிறார்கள். படம் பரபரப்பாக இருக்கிறதே என்று. அடுத்த அறைப் பாகிஸ்தான் பையனுக்கு அதில் ஒவ்வொரு சொல்லும் புரியும். உருதுவும் இந்தியும் பேச்சில் அவ்வளவு நெருக்கம். அவன் ஊரை அழித்துவிட்டோம் என்று ஒருவர் கத்துவதை, அம்மாவுக்குப் போன் கிடைக்காமல் நிற்கிற ஒருவன் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பான். அது பலகைச் சுவர். இயர்போன் போடுங்கள். பொது அடுப்படியில் போனை வெளியே எடுக்காதீர்கள். அவனைப் பார்த்தால் ‘கர் மே சப் கைரியத்?’ என்று கேளுங்கள், வீட்டில் எல்லாரும் நலமா என்று அர்த்தம். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். இரண்டு பேருமே சம்பளத்துக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள், இரண்டு பேர் வீட்டிலும் பயம்தான்.

வாக்குவாதம் கைகலப்பாகும் போலிருந்தால் மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) கிராணியிடமோ (தோட்ட எழுத்தர்) அப்போதே சொல்லிவிடுங்கள். சில நாளைக்கு வேறு அறை, வேலைக்கு வேறு மர நிரை கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். அடி விழுந்தபிறகு போனால் இரு தரப்பும் போலீஸ் நிலையத்தில் நிற்க வேண்டிவரும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். இங்கே பேச்சில் ‘பெங்காலி’ என்றால் சீக்கியர். வங்காளதேசத்துக்காரரைச் சொல்வதாக நினைத்து ஏதாவது பேசினால் வேறொருவர் திரும்பிப் பார்ப்பார்.

பாலஸ்தீனம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவுக்கும் இஸ்ரேலுக்கும் தூதரக உறவு கிடையாது. மலேசிய பாஸ்போர்ட்டிலேயே இஸ்ரேல் தவிர மற்ற நாடுகளுக்குச் செல்லும் என்று அச்சடித்திருக்கும். காஸாவில் சாகும் பிள்ளைகளுக்காக இங்குள்ளவர்கள் மனமார அழுகிறார்கள். ஊர் குரூப்பிலிருந்து வரும் கேலிப் படத்தை மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்து காட்டி யாரும் சிரிக்க வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. பிணத்தைக் காட்டிச் சிரிப்பது எந்த ஊரிலும் தப்பு.

இங்கே பிறந்த தமிழர்கள் மலேசியர்கள். ‘நம்ம நாடு அடிச்சிருச்சு பாத்தீங்களா’ என்று தோட்டத்துத் தாத்தாவிடம் போய் நிற்காதீர்கள். இந்தச் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில்தான் 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள், மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்தது. காட்டில் விமானங்கள் குண்டு போட்டன. தொழிலாளர் லயன் வீடுகளை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். அதற்கு முன்பு ஜப்பான்காரன் காலம், சயாம் மரண ரயில் பாதை வேலை. குண்டு என்றதும் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போனால் காரணம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:

நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். பட்டணத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி அஞ்சலிக் கூட்டம் என்றால் போகலாமா? அம்மா பயந்துபோய் உடனே கிளம்பி வா என்கிறார், டிக்கெட் போடலாமா?

பதில்:

கூட்டத்துக்குப் போகாதீர்கள். மலேசியாவின் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தில் அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டுக்காரர் அமைதியாகப் போய் நின்றாலே குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதம். ஏற்பாடு செய்கிறவர்கள் நாங்கள் போலீஸில் சொல்லிவிட்டோம் என்பார்கள். அவர்கள் கொடுத்த அறிவிப்பு உங்களைக் காப்பாற்றாது. இறந்தவர்களுக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்வது வேறு விஷயம், தாராளமாகச் செய்யுங்கள். கொடியும் பதாகையும் பிடித்து வீதிக்கு வராதீர்கள்.

டிக்கெட் விஷயத்தில் அவசரம்தான் நஷ்டம். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போகும் விமானம் வங்காள விரிகுடா மேல்தான் பறக்கிறது, பாகிஸ்தான் வான்வெளிப் பக்கமே போவதில்லை. 2025 மே மாதம் இந்தியா மூடிய 32 விமான நிலையங்களும் வடக்கிலும் மேற்கிலும் இருந்தவை. மே 10 சண்டை நிறுத்தத்துக்குப் பிறகு 12ஆம் தேதி திறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒன்றும் மூடவில்லை. ஆனால் எல்லா நிலையத்திலும் சோதனை கூடியது, 3 மணி நேரம் முன்னதாக வரச் சொன்னார்கள். விமானத்தில் ஏறும் இடத்தில் மறுபடியும் பை சோதனை. திரும்பி வரும்போது அதற்கேற்ப வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

வளைகுடாவில் அண்ணன் தம்பி இருந்தால் அவர்கள் கணக்கு வேறு. 2025 ஜூன் 23 அன்று ஈரான் ஏவுகணை வருவதற்கு முன்பு கத்தார் வான்வெளியை மூடியது, தோஹா போகும் விமானங்கள் எல்லாம் திசை திரும்பின.

ஏற்கெனவே டிக்கெட் போட்டிருந்தால் நீங்களாக ரத்து செய்யாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் பெரும்பாலும் வரிப் பணம்தான் திரும்பும். விமான நிறுவனம் ரத்து செய்தாலோ 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலோ, முழுப் பணத்தையும் கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள் திருப்பித் தரும்படி கேட்க மலேசிய விதி இடம் கொடுக்கிறது. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் பணம் அவர் கைக்குப் போகும், ரசீதை விடாதீர்கள்.

போயே ஆக வேண்டும் என்றால் கிராணியிடம் விடுப்பை எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் போனால் ஓடிவிட்டதாகப் புகார் போகும், பெர்மிட் அதோடு முடிந்தது. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். அதை முதலாளி உங்கள் சம்மதமில்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

அம்மாவிடம் பேசும்போது எதைப் பார்த்துப் பயந்தார் என்று கேளுங்கள். 2025 மே 7 அன்று கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது ஒத்திகை. சைரன் கேட்டதும் போரே வந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் அழைப்பேன் என்று சொல்லி, அப்படியே அழையுங்கள். வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்தால் எந்த இடம், எந்தப் பிரிவு என்று போனில் கேட்காதீர்கள், படத்தையும் போடாதீர்கள்.

இன்னொரு பதில்:

பணம் பற்றிச் சுருக்கமாக. ராணுவத்துக்கு நன்கொடை என்று வங்கிக் கணக்கு எண்ணோடு செய்தி வரும். 2025 ஏப்ரலில் அப்படிச் சுற்றியதை இந்தியப் பாதுகாப்பு அமைச்சே தவறானது என்று எச்சரித்தது. வீட்டுக்கு அனுப்புவதை மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் உள்ள கடையில் வழக்கம்போல அனுப்புங்கள். பதற்றத்தில் ரூபாய் பெரும்பாலும் இறங்கும், அனுப்புகிறவருக்கு அதில் நஷ்டமில்லை. உரிமமில்லாமல் பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரர் அப்போதுதான் நல்ல ரேட் என்று வருவார். அது சட்டவிரோதம், பணம் போனால் திரும்பக் கிடைப்பதும் கடினம்.

மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு: 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 பெட்ரோலின் மானிய விலை குடிமக்களுக்கு மட்டும். நாம் போடுவது சந்தை விலை, வாரா வாரம் புதன்கிழமை அறிவிப்பார்கள். 2024இல் உலக எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈரானை ஒட்டிய ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் போனது, அந்தப் பக்கம் குண்டு விழுந்தால் விலை ஆடும். ஏறும் என்று தெரிந்தால் புதன் இரவே டேங்கை நிரப்பிவிடுங்கள். போத்தலில் வாங்கிக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள். கொங்சி பலகை வீடு, அடுத்த அறையில் அடுப்பு எரிகிறது.