வன்னி ஆஸ்பத்திரிகளில் கணினிப் பதிவு: எங்கே இடறும், எப்படிச் சமாளிக்கலாம்

பதிவு மேசை, கிளிநொச்சி:

கணினிக்கு மாறுற ஆஸ்பத்திரியில எல்லாரும் டொக்டரின்ர திரையைப் பற்றித்தான் கதைக்கினம். ஆனா காரியம் சரிவருமோ இல்லையோ எண்டது துண்டு குடுக்கிற யன்னலிலேயே முடிவாகிவிடும். ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவு விழுந்தால் போன மாதச் சீனிப் பரிசோதனை ஒண்டில இருக்கும், மருந்து மற்றதில இருக்கும். டொக்டர் திறக்கிறது வெறும் பக்கம்.

பிஎச்என் எண்டுற தனிநபர் சுகாதார இலக்கத்தில 11 எண் இருக்கு. முதல் 4 அதை வழங்கின இடத்துக்கு, அடுத்த 6 ஆளுக்கு, கடைசி ஒண்டு சரிபார்க்கிறதுக்கு. கையால அடிக்கேக்க ஓர் எண் பிழைச்சால் கணினி ஏற்காது. அப்ப திரும்பப் பார்த்து அடிக்கோணும். சனம் நிறைஞ்சு நிக்குது எண்டு அந்த இடத்திலேயே புது இலக்கம் போடுறதுதான் வழமையா நடக்கிற பிழை.

தேடாமல் புதுப்பதிவு போடக்கூடாது. முதல்ல கிளினிக் கொப்பியில ஒட்டின பார்கோட், அது இல்லாட்டி அடையாள அட்டை இலக்கம், பிறகு போன் நம்பர், கடைசியாப் பெயர். பார்கோட்டைக் கொப்பியின்ர உள்மட்டையில ஒட்டுங்கோ. வெளியில ஒட்டினால் மழையும் வேர்வையும் பட்டு மாரி முடிய முன்னமே அழிஞ்சுபோகும்.

பெயரைக் கடைசிக்கு விடுறதுக்குக் காரணம் இருக்கு. எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. பெண்ணுக்குக் கலியாணத்துக்கு முதல் தகப்பன்ர முதலெழுத்து, பிறகு புருசன்ர முதலெழுத்து. கணினி முதற்பெயர், கடைசிப்பெயர் எண்டு ரெண்டு பெட்டி காட்டும். காலையில இருக்கிறவர் சொந்தப் பெயரை முதல் பெட்டியில போடுவார், பின்னேரம் வாறவர் மற்றதில போடுவார். ஆஸ்பத்திரி முழுக்க ஒரே விதி வேணும்: சொந்தப் பெயர் எப்பவும் முதல் பெட்டியில. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்காள் மாறும், அதனால தமிழ்ப் பெயரும் பதியுங்கோ. பாமினி எழுத்துருவில அடிச்சால் உள்ளுக்குப் பதியிறது வெறும் ஆங்கில எழுத்துகள்தான், தேடினால் அகப்படாது. யூனிகோட்டில மட்டும் அடியுங்கோ.

அடையாள அட்டையில இன்னொரு கூத்து. பழையது 9 எண்ணும் ஓர் எழுத்தும், புதியது 12 எண். ஒரே ஆள் போன வருசம் பழையதோட வந்து, இந்த வருசம் புதியதோட வருவார். பழையதுக்கு முன்னால 19, நாள் இலக்கத்துக்குப் பின்னால ஒரு 0 போட்டு, எழுத்தை விட்டால் 12 வரும். மென்பொருள் தானாச் செய்யாட்டி ரெண்டு வடிவத்திலயும் தேடோணும். இடம்பெயர்வில ஆவணம் துலைச்சு, பிறகு பிரதி எடுத்த ஆக்கள் இஞ்ச கனபேர். சொல்லுற பிறந்த திகதியும் அட்டைத் திகதியும் ஒத்துவராட்டி அட்டையைப் பிடியுங்கோ.

வயது தெரியாது, "அறுபது இருக்கும் தம்பி" எண்டு சொல்லுவினம். கணினி அதை ஜனவரி 1 ஆக்கிப்போடும். உத்தேச வயது எண்ட அடையாளத்தைக் கட்டாயம் இடுங்கோ.

கணினித் தொழில்நுட்பம், முல்லைத்தீவு:

அண்ணை சொன்ன திகதிப் பிரச்சினையில ஒளிஞ்சிருக்கிற ஒண்டையும் சொல்லோணும். அட்டையில இருக்கிற மூண்டு நாள் இலக்கமும் ஜனவரி 1ல இருந்து எண்ணினது, பெண்ணெண்டால் அதோட 500 கூட்டினது. ஆனா அந்தக் கணக்கில பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள். 061 எண்டால் எந்த வருசமும் மார்ச் 1 தான். சாதாரண நாட்காட்டியால கணிக்கிற மென்பொருள் 1975 மாதிரி வருசங்களில அதை மார்ச் 2 எண்டு காட்டும். லீப் அல்லாத வருசத்தில மார்ச் 1ல இருந்து பிறந்த எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளிப் பதிஞ்சிருக்கும். உங்கட ஊழியர் ஒருத்தரின்ர அட்டையைப் போட்டுப் பாருங்கோ, அரை நிமிசத்தில தெரிஞ்சிடும்.

இரட்டைப் பதிவை அழிக்காதேங்கோ, இணையுங்கோ. பழைய பிஎச்என் நிலைக்கோணும், புதியது அதுக்குக் கீழ வரோணும். அந்த அதிகாரம் ஒரு ஆளிட்ட மட்டும் இருக்கட்டும். ஒரே பிறந்த திகதி, ஒரே போன், ஒரே தகப்பன் எண்டு இரட்டைப் பதிவுப் பட்டியலில வாறது இரட்டைப் பிள்ளையளாயும் இருக்கலாம். தாயின்ர பெயரில 'குழந்தை' எண்டு பதிஞ்சதுகளை இணைக்க முதல் பிறந்த நேரத்தையும் நிறையையும் பாருங்கோ.

இனி கரண்ட். சாதாரண மேசைக் கணினிக்கு 650 விஏ யூபிஎஸ் கரண்ட் போன பிறகு பத்து நிமிசம் அளவில தாங்கும். ஜெனரேற்றர் பிடிக்கிறதுக்கு அது தாராளம். ஆனா அதில லேசர் பிரிண்டரைக் கொழுவினால் சூடாகிற நேரத்தில ஒரேயடியா இழுத்து யூபிஎஸ் விழும், கணினியும் சேர்ந்து விழும். பிரிண்டரைச் சுவரிலேயே கொழுவுங்கோ. உள்ளுக்கு இருக்கிற 12 வோல்ட் 7 ஏம்பியர்-மணி பற்றரி இந்த வெக்கைக்கு ரெண்டு வருசம் ஓடினால் நல்லது. மாத்துற திகதியைப் பெட்டியில மார்க்கரால எழுதி வையுங்கோ.

ஏப்ரலிலயும் ஒக்டோபரிலயும் இடி இறங்குறது கரண்ட் வயரால மட்டும் இல்லை. வார்ட்டுக்கும் ஓபிடி எண்டுற வெளிநோயாளர் பிரிவுக்கும் இடையில வெளியால இழுத்த செப்பு நெற்வேர்க் கேபிளாலயும் வந்து சுவிச்சின்ர போர்ட்டுகளை எரிக்கும். கட்டடத்துக்குக் கட்டடம் பைபர் போடுங்கோ. அது மின்னலையும் கடத்தாது, செப்புக் கேபிளுக்கு இருக்கிற 100 மீற்றர் வரம்பும் அதுக்கு இல்லை.

சேவர் ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தால் இன்ரநெற் போனாலும் வேலை ஓடும், அதுதான் இஞ்சத்தைக்குச் சரி. இரவு பக்அப்பை வேற கட்டடத்திலயும் ஒரு பிரதி வையுங்கோ. மாதத்தில ஒருக்கா அதை வேற கணினியில ஏத்தித் திறந்து பாருங்கோ. திறந்து பாராத பக்அப்பை நம்பேலாது.

வைத்திய அதிகாரி, வவுனியா:

ஓபிடியிலிருந்து தொடங்குவதுதான் நடைமுறையில் செய்யப்படும் பெரிய தவறு. காலையில் நூற்றுக்கு மேல் ஆட்களைப் பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு சொடுக்கும் வரிசையை நீட்டும். பாதிப்பேர் தடிமன், காய்ச்சல் என்று வருபவர்கள். அவர்களின் பழைய பதிவால் பெரிய பயனும் இல்லை. பிரஷர், நீரிழிவுக் கிளினிக்கில் தொடங்குங்கள். அதே ஆட்கள் மாதாமாதம் வருவார்கள், இரண்டாவது வருகையிலேயே பலன் தெரியும்.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், சிறுநீரகம் பழுதாகும்போது இரத்தத்தில் கூடும் கிரியற்றினின் ஏறுவதை வரைபடமாகப் பார்ப்பது பெரிய உதவி. ஆனால் அங்கேதான் பதிவு மேசையின் பிழை வந்து கடிக்கும். சிறுநீரக வடிகட்டல் வேகத்தைக் கணினி கணிப்பது கிரியற்றினின், வயது, பால் மூன்றையும் வைத்து. வயது பத்து ஆண்டு பிழைத்தால் விடை ஏறத்தாழ 6 வீதம் மாறும். பெண்ணை ஆண் என்று பதிந்தால், கிரியற்றினின் கூடியிருக்கும் ஆளுக்கு விடை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும். அந்த வேகம் 30க்குக் கீழே இறங்கியதும் நிறுத்த வேண்டிய நீரிழிவு மருந்தான மெற்போமின் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். அலகையும் கவனியுங்கள். சில ஆய்வுகூடம் மில்லிகிராமில் தரும், சில மைக்ரோமோலில். 1.2 என்பது மற்றதில் 106. அலகில்லாத பெட்டியை ஏற்காதீர்கள்.

போன மாத மருந்தை அப்படியே மீளப் போடும் பொத்தான் நேரத்தை மிச்சப்படுத்தும், ஆபத்தும் அதுதான். நிறுத்திய மருந்தும் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு மருந்தாக உறுதி செய்யாமல் சேமிக்க விடாதபடி அமையுங்கள். வேளைப் பட்டியலில் 'வாரம் ஒருமுறை' கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை எடுக்கும் மூட்டுவாத மருந்தான மெதோட்ரெக்சேற்றுக்கு எவராவது 'நாளாந்தம்' தெரிவு செய்வார்கள். அது எலும்பு மச்சையைக் குலைக்கும், ஆள் இறக்கவும் கூடும்.

கிளினிக் கொப்பியை இப்போதைக்கு எடுத்துவிடாதீர்கள். மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் ஆள் போவார், பிஎச்என் அவரோடு போகும். சேவர்கள் இணைக்கப்படாதவரை பதிவு அவரோடு போகாது. சுருக்கத்தை அச்சடித்துக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள்.

ஆய்வுகூடம்:

பார்கோட் ஸ்டிக்கரை ரத்தம் எடுக்கிற குழாயின் நீளவாக்கில் ஒட்டுங்கோ மிஸ். சுத்தி ஒட்டினால் வளைவில ஸ்கானர் பிடிக்காது. ரத்தம் எடுத்த பிறகு கட்டிலடியிலேயே ஒட்டோணும், முன்கூட்டி ஒட்டி வைச்ச குழாய்தான் ஆள் மாறும். தேர்மல் லேபிளில ஸ்பிரிட் பட்டால் எழுத்துப் போயிடும்.

குடும்பநல உத்தியோகத்தர், மாந்தை கிழக்கு:

ஒரே தாய்க்கு எச் 512 எண்ட கர்ப்பகாலப் பதிவு அட்டையில எழுதி, பதிவேட்டில எழுதி, மாத அறிக்கைக்கு எண்ணி, பிறகு ஆஸ்பத்திரியிலயும் பதியினம். கணினி வந்தால் இதில எது குறையும்?

வைத்திய அதிகாரி, வவுனியா:

இப்போதைக்கு எதுவும் குறையாது தங்கச்சி, அதை மறைக்கக்கூடாது. உங்கள் அறிக்கை போய்ச் சேரும் இஆர்எச்எம்ஐஎஸ் என்ற இனப்பெருக்க சுகாதாரத் தகவல் முறை, டிஎச்ஐஎஸ்2 என்ற மென்பொருளில் ஓடுகிறது. அதற்கு வேண்டியது எண்ணிக்கை. ஆஸ்பத்திரி முறைக்கு வேண்டியது ஆள். வார்ட்டில் ஆள் வெளியேறியபின் பிஎச்ரி என்ற வார்ட்டு நோயாளர் பதிவுத்தாளிலிருந்து, இஐஎம்எம்ஆர் என்ற உள்நோயாளர் நோய், இறப்பு அறிக்கைக்கு ஐசிடி-10 நோய்க் குறியீடு போடுவது மூன்றாவது வேலை. இவற்றுக்குப் பொதுவாக இருக்கக்கூடியது பிஎச்என் மட்டும்தான். அதை எச் 512 அட்டையின் மேல்மூலையில் இப்போதே எழுதி வையுங்கள். பிற்பாடு இணைக்கும்போது அதைப் பிடித்துத்தான் சேர்க்க முடியும்.

பதிவு மேசை, கிளிநொச்சி:

சனத்தின்ர பயத்தையும் கணக்கில எடுங்கோ. பதிவு எண்ட பெயரில இஞ்ச எத்தினையோ தரம் எத்தினையோ பேர் விபரம் எடுத்திருக்கினம். "இது எதுக்குத் தம்பி?" எண்டு கேட்டால் ஒரு வசனத்தில மறுமொழி சொல்லுங்கோ. தேவையில்லாத பெட்டியை நிரப்பக் கேக்காதேங்கோ. திரை, வரிசையில நிக்கிற சனத்தின்ர பக்கம் பாத்து இருக்கக்கூடாது. மனநலக் கிளினிக், பாலியல் நோய்க் கிளினிக் பதிவுகள் அந்தக் கிளினிக் ஆக்களுக்கு மட்டும் திறக்கோணும். யன்னலில இருக்கிறவரும் அதே ஊர்க்காரர்தானே. ஆளுக்கொரு பாஸ்வேர்ட் இருந்தால்தான் ஆர் திறந்தது எண்டு தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனியாக் கவனிக்கோணும் எண்டு சொல்லுது.

மருந்தகம்:

கணினி விழுந்தால் என்ன செய்யிறது? ஒருத்தரும் அதைச் சொல்லேல்லை.

கணினித் தொழில்நுட்பம், முல்லைத்தீவு:

முன்கூட்டியே எடுத்த பிஎச்என் ஸ்டிக்கர் ஒரு கட்டு, சரிபார்ப்பு எண்ணோட, பதிவு மேசை லாச்சியில பூட்டி வையுங்கோ. புது ஆளுக்கு மட்டும் அதில ஒண்டு, பழைய ஆளுக்குக் கொப்பியில இருக்கிறதுதான். கார்பன் வைச்ச மருந்துத் துண்டில ஒண்டு உங்களுக்கு, மற்றது பதிவுக்கு. கணினி திரும்பி வந்ததும் அண்டைக்கே ஏத்தோணும், ஏத்தினவர் துண்டில கையெழுத்து வைக்கோணும். ஏத்தாத துண்டுகளைச் சிவப்பு பைலில போடுங்கோ. ஒரு கிழமை தாண்டின துண்டு அதில கிடந்தால், ஏத்துற பொறுப்பு ஆருக்கெண்டு ஆஸ்பத்திரி இன்னும் பிரிச்சுக் குடுக்கேல்லை எண்டு அர்த்தம்.